எர்த் சரியில்லாததற்கு என் தலையில் புது சென்சாரைக் கட்டினார்கள்: வைட்பேண்ட் கேஜ் மாட்டப் போகிறவர்கள் கவனிக்க

கோவையில் டியூனிங் வட்டாரத்தில் நல்ல பெயர் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் (சைலன்சர் புகையை வைத்து எஞ்சினின் காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) அதைக் காட்டும் கேஜும் வாங்கி வைத்துக்கொண்டு யாரிடம் மாட்டலாம் என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பழைய எஸ்டீம். 1.3 எஞ்சினுக்கு ஸ்டாண்ட்அலோன் இசியு (எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் தனி கம்ப்யூட்டர்) போட்டு, செட்டிபாளையம் கரி டிராக்கில் நேரம் கிடைக்கும்போது ஓட்டுவேன். ஏஇஎம் கேஜ், அதனுடன் வரும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார். பொருள் என்னுடையது, மாட்டுவதும் மேப் (இசியுவுக்குள் இருக்கும் பெட்ரோல் அளவுக் கணக்கு) போடுவதும் அவர்கள் வேலை. பில்லில் "இன்ஸ்டலேஷன் மற்றும் டியூனிங்" என்று ஒரே வரி.

வண்டி கைக்கு வந்ததிலிருந்தே சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசனை. மைலேஜ் விழுந்தது. பிளக்கைக் கழற்றினால் நுனி முழுக்க மெத்தென்று கரி. விஷயம் என்னவென்றால், இசியுவோடு இணைத்த அவர்கள் லேப்டாப்பில் 14.7 என்று அழகாக நிற்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று, அதுதான் சரியான கலவை; எண் இறங்கினால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். டேஷ்போர்டில் இருக்கும் கேஜ் மட்டும் 14.5, 14.1, சில நேரம் 13.6 என்று இறங்குகிறது. சென்சார் ஒன்றுதான், அது சொல்லும் எண் மட்டும் எப்படி இரண்டு?

திரும்பக் கொண்டுபோனதும் பதில் தயாராக இருந்தது. "சென்சார் போயிருச்சுங்க. 4.9 எல்லாம் சீக்கிரம் போயிரும்." எர்த், அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, சரியா என்று கேட்டேன். மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து, ஒரு முனையை கேஜ் கம்பியிலும் இன்னொன்றைக் கதவு போல்ட்டிலும் தொட்டுக் காட்டினார். பீப் என்றது. "எர்த் சூப்பருங்க." புது சென்சார், பதினான்காயிரம். மறுபடி மேப் போட "லேப்டாப் சார்ஜ்" தனி.

அப்புறமும் அதே கதை. இந்த முறை காரணம் பெட்ரோல். "பங்க்ல இப்ப எல்லாம் இ20 தானுங்க, அதான் ரீடிங் மாறுது." கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த சென்சார் அளப்பது லாம்ப்டாவை, அதாவது எந்தப் பெட்ரோலானாலும் அதற்குச் சரியான கலவையை ஒன்று என்று வைத்துக் கணக்கிடும் விகிதத்தை. கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். டேங்கில் எத்தனால் 20 சதவீதம் இருந்தாலும் லாம்ப்டா ஒன்று என்றால் கேஜில் 14.7 தான் நிற்கும். அதோடு, பெட்ரோல் மாறினால் இரண்டு எண்ணும் சேர்ந்துதானே மாற வேண்டும்? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொன்ன பிறகு அவர்கள் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் சிங்காநல்லூர் பக்கம் லாரி ஒயரிங் செய்யும் ஒரு அண்ணன். வைட்பேண்ட் என்ற பெயரையே அன்றுதான் கேட்கிறார். கதையை முழுதாகக்கூடச் சொல்ல விடவில்லை. "அந்த மீட்டருக்கு எர்த் எங்க குடுத்திருக்காங்க தம்பி?"

எஞ்சினை ஓடவிட்டார். மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை கேஜின் கருப்புக் கம்பி முடியும் இடத்திலும் வைத்தார். 0.08. "புளோயரைப் போடுங்க." ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பத் திருப்ப மீட்டரும் ஏறியது. நாலில் 0.46 வோல்ட். அதே நேரத்தில் கேஜ் என் கண் முன்னாலேயே 14.5-லிருந்து 13.6-க்கு இறங்கியது. லேப்டாப்பில் 14.7 அசையவில்லை.

கணக்கு இதுதான். இந்த கேஜ் இசியுவுக்கு வோல்ட்டாகத்தான் சேதி அனுப்புகிறது: 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 2.375 பாயிண்ட். கேஜின் எர்த் 0.46 வோல்ட் மேலே தூக்கி நின்றால், அது அனுப்பும் சிக்னலும் அவ்வளவு கூடுதலாகத்தான் இசியுவுக்குப் போய்ச் சேரும். 1.1 பாயிண்ட் பொய். எஞ்சின் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது என்று நம்பி இசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், தன் கணக்கில் 14.7 வரும்வரை. கேஜ் காட்டியதுதான் உண்மை. பாவம், அதைத்தான் கெட்டுப்போனது என்றார்கள்.

டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கேஜின் கருப்புக் கம்பி, லக் (கம்பி முனையில் அடிக்கும் உலோக வளையம்) கூட இல்லாமல், வெறும் முறுக்காக ஸ்டீரியோ பிராக்கெட் போல்ட்டில் சுற்றியிருந்தது. பெயிண்டைச் சுரண்டவே இல்லை. புளோயர் மோட்டாரின் எர்த்தும் அதே போல்ட்டில். கேஜிலிருந்து இசியுவின் சென்சார் எர்த்துக்கு (சிக்னலுக்கு மட்டுமான எர்த்) போக வேண்டிய பிரவுன் கம்பியை ஒரு இஞ்சில் வெட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பீப் சோதனையை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதில் ஓடும் கரண்ட் மிகமிகக் குறைவு, ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும். சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் இருக்கிறது, நுனியைச் சுமார் 780 டிகிரியில் வைத்திருக்க அது ஆம்பியர் கணக்கில் இழுக்கும். லோடு இருக்கும்போது அளந்தால்தான் எர்த்தின் லட்சணம் தெரியும்.

அண்ணன் செய்த வேலை ஒரு டீ குடிக்கும் நேரம்தான். கருப்புக் கம்பியை லக் அடித்து, இசியுவின் பவர் எர்த் எஞ்சினில் எந்த போல்ட்டில் இருக்கிறதோ அங்கேயே கொண்டுபோய் இறுக்கினார். பிரவுனை நீட்டி இசியுவின் சென்சார் எர்த்தில் சேர்த்தார். இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிவிடக் கூடாது; ஹீட்டர் கரண்ட் சென்சார் எர்த் வழியாகப் போனால் மற்ற சென்சார்களும் சேர்ந்து உளறும். கம்பி நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. இன்னோவேட் எம்டிஎக்ஸ்-எல் கேஜில் பிரவுன் என்பது இரண்டாவது அவுட்புட், எர்த்தே இல்லை. கூட வரும் தாளைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது புளோயர் நாலில் 0.02 வோல்ட். கேஜும் லேப்டாப்பும் ஒரே எண்.

"போயிருச்சு" என்ற பழைய சென்சாரை நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதே கேஜ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டியில் மாட்டிப் பார்த்தோம். அவருடைய சென்சார் என்ன காட்டியதோ அதையே காட்டியது. நீங்களும் எந்த பார்ட்டை மாற்றினாலும் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் ஆதாரத்தில் பாதி அதுதான்.

போட்டோ, பில், பழைய சென்சார் எல்லாவற்றோடும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "எலெக்ட்ரிக்கலுக்கு வாரண்டி இல்லைங்க, வேணும்னா ஃப்ரீயா செக் பண்ணித் தர்றோம்" என்றார்கள். மாட்டியதே அவர்கள்தான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இதே இடத்தில் கேஜ் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், எஞ்சினை ஓடவிட்டு புளோயரை நாலில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள், வரும் எண்ணை எனக்கும் சொல்லுங்கள்.