304: இரண்டு வருசம் விளையாடிய பிறகு

கந்தோரில் என்னோடு வேலை செய்யும் பிள்ளை போன கிழமை கேட்டாள்: "அக்கா, கணக்குப் பழக்குற விளையாட்டுக் கடதாசிப் பெட்டி ஒண்டு விக்குதாம். மகனுக்கு வாங்கலாமோ?"

நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பெட்டி வடிவு, அட்டையும் நல்ல தடிப்பு. மூன்று கிழமைக்குப் பிறகு மகள் தொடவில்லை. அட்டைக்கு அட்டை கேள்வி கேட்டால் அது சோதனை, விளையாட்டில்லை.

பிறகுதான் மாமாவின், அதாவது என் மாமனாரின், பழைய சீட்டுக் கடதாசிக் கூட்டத்தை எடுத்தோம். செத்தவீட்டில் விடியும்வரை 304 என்ற கடதாசி ஆட்டம் விளையாடுகிறவர்களை ஊரெல்லாம் கண்டிருக்கிறோம். பிள்ளைக்குப் பழக்குவதா என்று அம்மா மட்டும் முகத்தைச் சுழித்தா.

ஆட்டம் தெரிந்ததுதான். ஒவ்வொரு கடதாசிக்கும் புள்ளி உண்டு: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டும் ஏழும் சைபர். முதல் மாதம் மகள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு தானாகவே கட்டுக் கட்டாகப் பிரித்தாள்: ஜாக்கும் ஒன்பதும் 50, ஆஸும் பத்தும் 21, ராசாவும் ராணியும் 5. ஒரு சாதிக்கு (ஆட்டின், டைமன் போல ஒரு இனத்துக்கு) 76, நாலு சாதிக்கு 304. இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிரணி 160 புள்ளி எடுப்போம் என்று கேட்டால், அவர்களைத் தோற்கடிக்கத் தங்களுக்கு 145 போதும் என்று இப்போது கடதாசியைப் பார்த்தபடியே சொல்வாள். பின்னமும் வகுத்தலும் இதில் வராது, அதுக்குப் பள்ளிக்கூடம்தான்.

கரைச்சல் மாமாவால். ஆட்டம் முடிந்து பிள்ளை பிடிகளை, அதாவது வென்ற கடதாசிகளை, விரித்து எண்ணத் தொடங்கமுன் அவர் மொத்தத்தைச் சொல்லிவிடுவார். "மாமா, அவள் எண்ணட்டும்" என்று இரண்டு வருசமாகச் சொல்கிறேன். "ஓம் பிள்ளை" என்பார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. மனக்கணக்கு அவளுக்கு, அவருக்கு வாய் நிற்காது.

போன ஞாயிறு மாமாவும் என்ர அவரும் ஒரு பக்கம், நானும் மகளும் மறுபக்கம். மாமா 180 கேட்டுத் துரும்பை, மற்றச் சாதிகளை வெட்டும் சாதிக் கடதாசியை, கவிழ்த்து வைத்தார். முடிந்ததும் வழக்கம்போல, "எங்களுக்கு 181!" மகள் எங்கள் பிடிகளை மெல்ல எண்ணினாள். 126. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பப்பா, ரெண்டையும் கூட்டினா 307 வருது. உங்களட்ட ஒரு ராசா கூடிப் போச்சு" என்றாள். மாமா தன் பிடிகளைத் திருப்பித் திருப்பி எண்ணினார். 178.

இரண்டு நாள் திண்ணைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து கடதாசியைக் குலைத்துக்கொண்டே, அன்றைக்குக் கரண்ட் நின்ற நேரமென்றும் வெளிச்சம் போதாதென்றும் எனக்கு விளக்கினார். கரண்ட் நிற்கவேயில்லை.

ஆக, கேட்ட பிள்ளைக்கு என் பதில்: பெட்டி வேண்டாம், 304 பழக்குங்கோ. ஆனால் வீட்டில் மாமனார் இருந்தால் அதுவும் வேண்டாம். எங்கள் கூட்டம் இப்போது அலுமாரியில், திறப்பு என்னிடம்.