லிஸ்பனில் மேசைக்கு வருவதெல்லாம் ஓசி இல்லை: பாய்ஷா உணவகங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

வார இறுதிக்கு லிஸ்பன் போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்ஷா பகுதியில், ருவா அகுஸ்தாவுக்கு இரண்டு பக்கமும் ஓடும் தெருக்களில், வாசலில் ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் கடைகளில் உட்காராதீர்கள். பசி தாங்கவில்லை, உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், விலை போட்ட மெனுவைக் கையில் வைத்துக்கொண்டே ஆர்டர் கொடுங்கள். எங்களிடம் ஒரே ஒரு மீன் தட்டுக்கு 96 யூரோ கேட்டார்கள்.

லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை விமானம். இறங்கி, அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு நானும் மனைவியும் சாப்பிடக் கிளம்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பாய்ஷா அழகான இடம்தான். 1755 நிலநடுக்கத்தில் தரைமட்டமான பிறகு கோடு போட்டதுபோல நேர்த் தெருக்களாகக் கட்டியது. தட்டார், செருப்புத் தைப்பவர், சேணம் தைப்பவர் என்று தொழிலுக்கு ஒரு தெருப் பெயர். இப்போது அங்கே ஓங்கியிருக்கும் தொழில் சுற்றுலாப் பயணிகளை மடக்குவது.

வாசலில் நின்றவர் காட்டிய லாமினேட் அட்டையில் வறுத்த மத்தி 9.90, கருவாட்டு வகை 12.50 என்று நியாயமான விலைதான் இருந்தது. உட்கார்ந்ததும் அந்த அட்டை அவரோடு வாசலுக்கே திரும்பிவிட்டது. வேறொரு பணியாளர் வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மேசையில் ரொட்டிக் கூடை, வெண்ணெய், மூடியை உரித்துத் திறக்கிற குட்டி டப்பாவில் மத்தி மீன் பேஸ்ட், ஒரு கிண்ணம் ஆலிவ், ஒரு சின்ன வட்டச் சீஸ், எல்லாம் வந்து இறங்கின. "ஏங்க, இதெல்லாம் நாம கேட்டோமா?" என்றாள் மனைவி. கேட்கவில்லை.

இதற்கு அங்கே 'கூவெர்' என்று பெயர். இது ஏமாற்று வேலை இல்லை, போர்ச்சுகலில் ஊர் வழக்கம். நல்ல கடையிலும் வைப்பார்கள். ஆனால் தொட்டால் காசு. கேட்காமல் வைத்ததை நீங்கள் தொடாமல் விட்டால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று 2015 முதல் சட்டமே இருக்கிறது. எங்கள் மேசையில் ரொட்டியும் ஆலிவும் காலியாயின. சீஸைத் தொடவில்லை.

மெனு கேட்டோம். "இன்றைக்கு மீன் ரொம்ப ஃப்ரெஷ், இரண்டு பேருக்கு ஒரு மிக்ஸ் போடுகிறேன்" என்றார். விலை? "கவலையே வேண்டாம், எல்லாம் மெனு விலைதான்." வந்த தட்டு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி உருளைக்கிழங்கும் இலை தழையும். மிச்சம் நாலு இறால், கொஞ்சம் கணவாய், ரப்பர்போல ஒரு மீன் துண்டு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் மாமா வைக்கிற மீன் குழம்பை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பில்லைப் பாருங்கள். கூவெர் 9, ஆலிவ் 3.50, சீஸ் 11, 'மிஸ்டா' 96, ஒயின் 18, தண்ணீர் 5, அதற்கு மேல் சர்வீஸ் பத்து சதவீதம். மொத்தம் 156.75 யூரோ. அந்தக் காகிதத்தின் தலையில் 'கொன்சுல்தா டி மேசா' என்று அச்சாகியிருந்தது. அது பில்லே இல்லை, மேசைக் கணக்கு. இது ரசீதாகச் செல்லாது என்று கீழே பொடி எழுத்தில் அதுவே சொல்கிறது. சட்டப்படி செல்லுபடியாகும் பில் வேண்டுமென்றால் 'ஃபதூரா' என்று கேட்க வேண்டும். கேட்டதும் முகம் மாறியது.

96 யூரோ எங்கே போட்டிருக்கிறது என்றேன். உள்ளேயிருந்து வேறொரு மெனுவை எடுத்து வந்தார்கள், தோல் அட்டை போட்டது. அதன் கடைசிப் பக்கத்தில், ஒருவருக்கு 48. அந்தப் புத்தகத்தை அதுவரை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இனி சொல்வதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் ஹோட்டலோ, உணவகமோ, கடையோ, எதுவானாலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். 'லிவ்ரு டி ரெக்லமஸோயின்ஷ்'. வாசலில் அதற்கான அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். கேட்டால் அந்த இடத்திலேயே கொடுத்தாக வேண்டும், காரணம் சொல்லக் கூடாது. கொடுக்க மறுத்தால் நீங்கள் போலீசைக் கூப்பிடலாம். அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதும் பக்கத்துக்கு மூன்று படி. ஒன்று அரசுக்குப் போகும் (உணவகம் என்றால் ஏ.எஸ்.ஏ.ஈ. என்ற கண்காணிப்பு அமைப்புக்கு), ஒன்று உங்கள் கைக்கு, ஒன்று புத்தகத்திலேயே நிற்கும். வீடு திரும்பிய பிறகு இணையத்திலும் எழுதலாம், ஆனால் கடையில் நின்று கேட்கும்போது கிடைக்கிற பலன் தனி.

எங்களுக்கு முதலில் கிடைத்த பதில்: மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார், புத்தகம் அவரிடம் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள். சரி, போலீஸ் வரும்வரை இங்கேயே இருக்கிறோம் என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்தேன். வீட்டுக்குப் போன மேனேஜர் சமையலறையிலிருந்து வந்தார். சர்வீஸை எடுத்தார். அது கட்டாயமே இல்லை, அந்த ஊரில் டிப்ஸ் உங்கள் இஷ்டம். சீஸையும் எடுத்தார். மீன் தட்டில் மட்டும் ஒரு சென்ட் இறங்கவில்லை. 131.50 கட்டினோம். சிவப்பு அட்டைப் புத்தகம் கல்லாவுக்கு அடியில்தான் இருந்தது. இரண்டு மெனு விஷயத்தை ஆங்கிலத்தில் பக்கம் நிறைய எழுதிவிட்டு, எங்கள் படியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

கார்டு தேய்க்கும்போது இன்னொரு சில்லறைப் பிடுங்கல். பவுண்டா யூரோவா என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் யூரோ. பணம் எடுக்க 'முல்த்திபாங்கு' என்று எழுதிய வங்கி இயந்திரத்தைத் தேடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் மூலைக்கு மூலை நிற்கும் மற்றவை கட்டணமும் மோசமான மாற்று விகிதமும் வைத்துத் தீட்டிவிடும்.

அதே தெருக்களில் காதோரம் வந்து "ஹஷீஷ்?" என்று முணுமுணுப்பார்கள். பதில்கூடச் சொல்லாமல் நடங்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் பிரிஞ்சி இலையை அழுத்திச் செய்த கட்டி. நம் பிரியாணியில் போடுவதுபோன்ற இலைதான்! 28ஆம் எண் டிராமில் பிக்பாக்கெட் அதிகம், நெரிசலில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதிகாலையில் ஏறுங்கள். பணமோ பாஸ்போர்ட்டோ போனால் ரெஸ்தவுராதோரெஸ் சதுக்கத்தில், பலாசியு ஃபோஸ் கட்டிடத்தில், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே காவல் நிலையம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு லிஸ்பன் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1554இல் தமிழை ரோமன் எழுத்தில் முதன்முதலாக அச்சடித்த ஊர் அது. எனக்கு அது ஒன்றே போதும். பெலேமில் வாஸ்கோ ட காமா கல்லறை இருக்கும் ஜெரோனிமோஸ் மடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சனி, ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள், திங்கள்கிழமை பூட்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு 28 டிராம் போய் முடிகிற காம்பு டி ஓரிக் பக்கம் போங்கள். குடும்பங்கள் குடியிருக்கும் பகுதி. 'தாஷ்கா' எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, காகித விரிப்பு, கையால் எழுதிய மெனு, வாசலில் யாரும் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் இருக்காது, அதனால் சனிக்கிழமை மதியமே போய்விட வேண்டும். நாங்கள் போன இடத்திலும் ரொட்டியும் ஆலிவும் வந்தன. வேண்டாம் என்றோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து மேசையில் வைத்தார். கருவாடும் முட்டையும் போட்டுப் புரட்டிய பக்கல்யாவ் ஆ ப்ராஸ் இரண்டு தட்டு, காப்பி, எல்லாம் சேர்த்து முப்பது யூரோவுக்குள் முடிந்தது.