சைக்கோபை: அறிவாற்றல் ஆய்வுக்குரிய கட்டற்ற மென்பொருள்

பெங்களூரில் அறிவாற்றல் அறிவியல் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு, சோதனைகளை அமைக்க நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் மென்பொருள் சைக்கோபை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கி, 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகப்படுத்திய இது, இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பைத்தான் நிரல்மொழியில் வளர்க்கும் மென்பொருள். உரிமத் தொகை எதுவுமில்லை; மேட்லேப் என்னும் கட்டண மென்பொருளை வாங்க இயலாத சிறு கல்லூரிக்கு அதுவே பெரிய உதவி.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் 'பில்டர்' பகுதியில் படங்களையும் சொற்களையும் வரிசைப்படுத்தி ஸ்ட்ரூப் சோதனையை (நிறப் பெயர் ஒன்று வேறு நிறத்தில் எழுதப்பட்டிருக்க, எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொல்வது) ஒரே அமர்வில் அமைத்துவிடலாம். பின்னணியில் உருவாகும் பைத்தான் நிரலைத் திறந்து பார்க்கவும் முடிகிறது. ஆனால் இதன் உண்மையான மதிப்பு நேரக் கணக்கில்தான் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும் என்பதால், 40 மில்லிநொடிக்கு ஒரு சொல்லைக் காட்டவேண்டும் என்று கேட்டால் அது 33 ஆகவோ 50 ஆகவோதான் அமையும். காட்சிக் காலத்தைச் சட்டக (ஃபிரேம்) எண்ணிக்கையில், அதாவது திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கில், குறிக்க சைக்கோபை இடம் தருவதால், இந்த வரம்பு ஆய்வாளரின் கண்ணில் படாமல் போவதில்லை. எதிர்வினை நேரங்களின் சராசரியை மட்டுமன்றி, அவற்றின் பரவல் முழுவதையும் கொண்டு முடிவெடுத்தலைக் கணிக்கும் டிரிஃப்ட் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகளுக்கு இந்தத் துல்லியம் இன்றியமையாதது.

சோதனைக் கோப்பு எளிய உரையாகச் சேமிக்கப்படுவதால், கோப்பின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவி வழியாக மாற்றங்களை ஒப்பிடலாம். எந்தப் பதிப்பில் ஓட வேண்டும் என்பதையும் கோப்பிலேயே குறித்துவைக்கலாம். வேறொரு ஆய்வகம் நம் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

இணையவழியில் தரவு திரட்ட உதவும் பாவ்லோவியா சேவைக்கு மட்டும் கட்டணம் உண்டு. நிதி கேட்கும்போதே அதைச் சேர்த்துவிடுவது நல்லது.

தமிழ், கன்னடம் இரண்டும் பேசுவோரிடம் சொல்லறிதலை ஆராய விரும்புவோர், 'கொ', 'கை' போன்ற எழுத்துகள் தங்கள் கணினியில் சரியாகத் தோன்றுகின்றனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பிழை தெரிந்தால் சொற்களைப் படங்களாக மாற்றிப் பயன்படுத்தலாம். அதோடு, எழுத்துரு, இயங்குதளம், திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகிய விவரங்களுடன், சைக்கோபையின் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் முறையிட்டால் அடுத்த ஆய்வகத்துக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர வழியுண்டு.