பழைய தொலைபேசிப் பயிற்சிக் கையேடுகள் வாங்குவோர் கவனத்திற்கு: 18,500 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்

செவ்வாய்க்கிழமை மாலை வந்த பார்சலைப் பிரித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது மூன்று கட்டு ஜெராக்ஸ் தாள்கள். பழைய பயிற்சிக் கையேடுகளைத் தேடி அலைகிறவர்கள், முக்கியமாகத் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள், எனக்கு விற்ற அதே ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கோபம் ஆறும் வரை காத்திராமல் இன்றே எழுதிவிடுகிறேன்.

இணைப்புகளை இயந்திர சுவிட்சுகள் கொடுத்துவந்த ஸ்ட்ரௌஜர் வகைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் காலத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன் நான். எங்களுக்கு மின்னியல் சொல்லிக்கொடுத்த பயிற்றுநரிடம் ஒரே ஓர் அமெரிக்கப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து அவர் கரும்பலகையில் எழுதியதை நாங்கள் கோடு போட்ட நோட்டுகளில் படியெடுத்துக்கொண்டோம். அந்த நோட்டுகளை வேலைக்காலம் முழுவதும் வைத்திருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் என் வீட்டிற்குள் தண்ணீர் புகுந்தபோது, கீழ்த்தட்டு அலமாரியில் இருந்த அத்தனையும் கூழாகிப் போயின. அன்றிலிருந்தே அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் ஊர்களுக்கிடையேயான நெடுந்தொலைவு இணைப்புகளைக் கவனித்துவந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் லாங் லைன்ஸ் பிரிவு, தன் ஊழியர்களின் பயிற்சிக்காகத் தயாரித்த பாடநூல் அது. தொலைபேசிக்கும் தந்திக்கும் வேண்டிய மின்னியலை ஓம் விதியில் தொடங்கி, மின்தடையை அளக்க உதவும் வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்று, மாறு மின்னோட்டம், வெற்றிடக் குழாய் என்று படிப்படியாகக் கொண்டுபோகும். அதற்கு 1938 பதிப்பும் 1953 பதிப்பும் உண்டு. கல்லூரிப் பாடநூல்கள் வீட்ஸ்டன் பாலத்தை ஒரு கணக்காகச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்திற்குப் போய்விடும். இந்த வகைக் கையேடுகள், ஒரு மழை நாளில் மண்ணுக்கு அடியில் கேபிள் பழுதானால் அதே பாலத்தை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். பழுதான கம்பியையும் நல்ல கம்பியையும் மறுமுனையில் சேர்த்துக் கட்டி, மீட்டரின் முள் நடுவில் நிற்கும்வரை பாலத்தைச் சரிசெய்து, கிடைத்த விகிதத்தை இரண்டு கம்பிகளின் மொத்த நீளத்தால் பெருக்கினால், எத்தனையாவது கஜத்தில் தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். தெரு முழுவதையும் தோண்டிப் போடாமல் ஒரே குழியில் பழுதை எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பக்கங்களின் அருமை தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் பலரும் பயன்படுத்துகிற ஒரு செயலியில், மூன்று புத்தகங்கள் அடங்கிய தொகுப்பு என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மேலே சொன்ன நூலின் 1938, 1953 பதிப்புகளும், பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியியல் பிரிவு தன் ஊழியர்களுக்காக வெளியிட்ட சிறு பயிற்சி நூல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுதியும் இருப்பதாகப் போட்டிருந்தது. (அங்கே தொலைபேசியையும் அஞ்சல் துறையே நடத்திவந்தது. நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகளின் முறைகள் பலவும் அந்த வழியில் வந்தவைதாம்.) விலை 18,500 ரூபாய். அதிகம்தான் என்றாலும், துணி பைண்டிங் போட்ட மூலப் பிரதிகள் நம் ஊரில் கிடைப்பது அரிது என்பதால் விலையைக் கண்டு நான் சந்தேகப்படவில்லை.

இருந்தாலும் உடனே பணம் அனுப்பிவிடவில்லை. உள்பக்கங்களின் படங்களைக் கேட்டேன். அவர் அனுப்பிய நான்கு படங்களில் ஒன்று கேபிள் மின்தடை அட்டவணை உள்ள பக்கம். அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்கள்: “22 கேஜ் = ஏறத்தாழ நம் 10 பவுண்டு. லூப் மைலுக்கு 176.” அதற்குக் கீழே, வேறொரு நாளில் எழுதியதுபோல், “மூட்டில் ஈரம்” என்று இருந்தது.

அந்த இரண்டு வரிகளில்தான் நான் ஏமாந்தேன். அமெரிக்கர்கள் கேபிள் கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். நாங்கள் பிரிட்டிஷ் வழக்கப்படி, ஒரு மைல் கம்பி எத்தனை பவுண்டு எடை என்று சொல்வோம். 20 பவுண்டு கம்பிக்கு லூப் மைலுக்கு, அதாவது போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு கம்பிகளும் சேர்ந்த ஒரு மைலுக்கு, மின்தடை 88 ஓம், 10 பவுண்டுக்கு 176 என்பது எங்கள் ஆட்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. மூட்டு என்பது கேபிளின் இரண்டு துண்டுகளை இணைத்த இடம். அமெரிக்க அட்டவணையின் ஓரத்தில் “நம் 10 பவுண்டு” என்று எழுதியவர் நிச்சயமாக இந்த வேலை பார்த்த ஒரு தமிழர். அந்த “நம்” என்ற சொல்லைப் பார்த்ததும், எங்கள் பயிற்றுநரே எழுதியிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். விற்பவர் போனில் பேசியபோது, “எங்க தாத்தா கேபிள் ஜாயின்டரா இருந்தவர் சார், அவர் கையெழுத்துதான் அது. காசுக்காக இல்ல சார், மதிக்கிறவங்க கையில போய்ச் சேரணும்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. செயலி வழியாகப் பணம் செலுத்தினால் பிடித்தம் போகும், நேரடியாக யு.பி.ஐ.யில் அனுப்பிவிடுங்கள் என்று அவர் அடுத்துச் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அன்றே 8,500 ரூபாய் அனுப்பினேன். கூரியர் ரசீதின் படம் வந்ததும் மீதி 10,000 ரூபாயை அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததும் டோனர் மை வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே இருந்தவை பிளாஸ்டிக் சுருள் கோத்த மூன்று கட்டுகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பி.டி.எஃப். கோப்பை அச்செடுத்து, முன்னால் ஒரு வண்ண அட்டையைச் சேர்த்திருக்கிறார்கள். வலது ஓரம் வெட்டுப்பட்டு, பல சுற்றுப்படங்களில் கடைசி ரிலேவே காணவில்லை. ஒரு பக்கத்தின் கீழ்மூலையில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் அப்படியே பதிந்திருக்கிறது. 1938 என்று அட்டை போட்ட கட்டைப் புரட்டினால் நடுவில் டிரான்சிஸ்டர் படம் வருகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததே 1947 டிசம்பரில்தான். பின்னால் வந்த ஏதோ ஒரு பதிப்பின் தாள்களுக்கு 1938 அட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

பென்சில் குறிப்பு இருந்த அந்த அட்டவணைப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அட்டவணை இருந்தது, ஓரம் வெறுமையாக இருந்தது. படத்தில் நான் பார்த்த புத்தகத்தை இவர்கள் நகல்கூட எடுக்கவில்லை. யாருடைய வீட்டிலோ இருக்கும் அந்தப் புத்தகத்தின் படத்தை மட்டும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, அந்தப் பெரியவரின் கையெழுத்தைத் தன் தாத்தாவின் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். 18,500 ரூபாய் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உடனே அழைத்தேன். முதல் முறை, “உள்ள இருக்கிற விஷயம் ஒண்ணுதானே சார்” என்றார். மூலப் பிரதி என்றுதானே விளம்பரம் போட்டீர்கள் என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். இரண்டாம் முறை, கூரியரில் மாறியிருக்கும், விசாரிக்கிறேன் என்றார். மூன்றாம் முறை அழைத்தபோது என் எண்ணையே தடை செய்திருந்தார். அதற்குள் விளம்பரத்தில் “மறுபதிப்பு” என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார்கள். நல்லவேளையாகப் பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என் போனில் இருந்தது.

செயலியின் உதவி மையத்திற்கு எழுதினேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்று தானாக ஒரு செய்தி வந்தது. மறுநாள் இன்னொன்று வந்தது: பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் எங்களால் தலையிட முடியாது, உங்கள் அனுபவத்திற்கு வருந்துகிறோம் என்று. அந்த விளம்பரத்தையாவது நீக்குங்கள் என்று கேட்டதற்கு மறுபடியும் அதே செய்தியே வந்தது. வங்கிக்கு நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பின பணம் சார், நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார். கூரியர் அலுவலகத்தில் பொட்டலத்தின் எடையை மட்டும் சொன்னார்கள். ஒவ்வோர் இடத்திலும் நான் 18,500 ரூபாய் என்று சொல்லும்போது, பழைய புத்தகத்திற்கா இவ்வளவு என்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

நேற்று இரவு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்து ஒப்புகை எண் வாங்கியிருக்கிறேன். ஏமாந்தது தெரிந்ததுமே செய்திருக்க வேண்டியதை இரண்டு நாள் அலைந்துவிட்டுச் செய்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசவிருக்கிறேன்.

வாங்குவோருக்கு விரிவாகச் சொல்ல நினைத்தேன், இப்போது மனம் கூடவில்லை. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். படங்களை நம்பாமல், அவர்கள் புத்தகத்தைக் கையில் பிடித்து நீங்கள் சொல்லும் பக்கத்தை அந்த நேரத்திலேயே வீடியோ அழைப்பில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தைப் பார்த்த அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் விற்றவரிடம் மன்றாடிக்கொண்டிருக்காமல் முதலில் 1930-ஐ அழையுங்கள்.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். கேபிள் அட்டவணையின் ஓரத்தில் “நம் 10 பவுண்டு” என்றும், கீழே “மூட்டில் ஈரம்” என்றும் பென்சிலால் எழுதிய பக்கத்தின் படத்தை வேறு எந்த விளம்பரத்திலாவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். உண்மையில் அந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தாலும் சொல்லுங்கள். விலைக்குக் கேட்க மாட்டேன். அந்த ஒரு பக்கத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.