சம்பூர்: நிலக்கரியா, சூரிய ஒளியா?

இலங்கையின் திருகோணமலையில், கொட்டியாரக்குடாவின் தென்கரையில் உள்ள சம்பூரில் முதலில் வருவதாக இருந்தது 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம். 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தின் கட்டுமானப் பணி தொடங்கிவைக்கப்பட்டது.

எண்ணிக்கையைப் பார்த்தால் நிலக்கரிதான் பெரிசு. இரவிலும் ஓடும். ஆழமான துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கப்பல் வருவதும் சுலபம். ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் டொலர் வேண்டும். 2022 இல் டொலர் இல்லாமல் இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாம்பலை எங்கே கொட்டுவது, குளிர்விக்க எடுத்த கடல்நீர் சூடாகத் திரும்பினால் கொட்டியாரக்குடா மீனுக்கு என்னவாகும் என்பதெல்லாம் கேள்விப்பத்திரத்தின் (டெண்டரின்) விலைக் கட்டத்தில் வராது.

சரி, சூரிய ஒளிக்கு எரிபொருள் செலவில்லை. கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் தகடுகளில் படியும் புழுதியைக் கழுவத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் இரண்டு: எல்லா வீட்டிலும் விளக்கெரியும் மாலை ஏழு மணிக்குத் தகடு தூங்கிவிடும், மின்கலம் சேர்த்தால் விலை ஏறும். அப்புறம் நிலம். ஒரு மெகாவாட்டுக்கு இரண்டரை ஏக்கராவது போகும். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய ஊரில் வேலி என்றாலே வயிறு கலங்கும். மாடு மேய எங்கே போகும்?

என்னைக் கேட்டால் சூரிய ஒளிதான், மேய்ச்சல் தரையை விட்டுவைத்தால்.