மூன்று வருடமாகப் பையில் இருக்கும் மிரரிங் சுவிச்: வாங்கலாமா?

நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் நெட்வேர்க்கைப் பார்க்கும் தம்பி ஒருவர் நேற்றுக் கேட்டார்: "அண்ணா, உங்களிட்ட இருக்கிற அந்தச் சின்னச் சுவிச் விலை இறங்கியிருக்காம், எடுக்கவா?" நெட்வேர்க் மெஷின்களை வயரால் இணைக்கும் பெட்டி அது. ஐந்து போர்ட் (வயர் கொழுவும் வாய்), கிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்) வேகம், போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் ஓடுவதன் பிரதியை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்புவது) எல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண சுவிச்சில் மடிக்கணினியைக் கொழுவி வயர்ஷார்க் என்ற, நெட்வேர்க்கில் ஓடுவதைக் காட்டும் மென்பொருளைத் திறந்தால் நமக்கு வருகிற பக்கற்றும் (தரவுத் துண்டு) எல்லாருக்கும் போகும் பிரோட்காஸ்ட்டும்தான் தெரியும். மற்ற இரண்டு மெஷின்கள் தங்களுக்குள் பேசுவது தெரியாது. இதை நடுவில் போட்டு, சந்தேகமான போர்ட்டின் பிரதியை ஐந்தாம் போர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் அத்தனையும் கண்முன்னே ஓடும். உப்புவெளி விடுதி ஒன்றில் பில் மெஷின் ஒவ்வொரு பில்லுக்கும் சில விநாடி நின்று நின்று வேலை செய்தது. காரணத்தைக் காட்டித் தந்தது இந்தப் பெட்டிதான். எப்போதோ கழற்றிப் போட்ட பழைய ரவுட்டரின் முகவரியிடமே மெஷின் முதலில் டி.என்.எஸ். (ஒரு பெயருக்கு உரிய ஐ.பி. முகவரி) கேட்டுக்கொண்டிருந்தது. கேள்வி போகிறது, பதில் இல்லை, மறுபடி அதே கேள்வி. அந்த வரிகளைத் திரையில் கண்ட சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

ஆனால் அதைக் காண எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சேர்வர் போர்ட்டின் இரு திசையையும் மிரர் செய்திருந்தேன், பின்னணியில் பெரிய கோப்புகள் பிரதியாகிக்கொண்டிருந்தன. வயர்ஷார்க்கில் கறுப்பு வரிகள் நிறைந்தன: முந்தைய செக்மென்ட் (தரவுத் துண்டு) பிடிபடவில்லை, காணாத செக்மென்ட்டுக்கு ஏ.சி.கே. ("கிடைத்தது" என்ற பதில்) வந்திருக்கிறது. கேபிள் பழுது என்று முடிவுகட்டினேன். சீசன் நேரம், ஆட்கள் நிறைந்திருக்க, முதலாளி என் பேச்சை நம்பிச் சீலிங்கைக் கழற்றிப் புது வயர் இழுத்தார். ஒரு மாற்றமும் இல்லை.

வந்து சேராத பக்கற்றுக்கு யாரும் ஏ.சி.கே. கொடுப்பதில்லை. அப்படியென்றால் பக்கற் போய்ச் சேர்ந்துவிட்டது, என் பிரதிதான் வழியில் தொலைந்திருக்கிறது. அதை யோசித்த பிறகுதான் ஐந்தாம் போர்ட்டின் விளக்கைப் பார்த்தேன். பச்சை இல்லை, செம்மஞ்சள். 1000 ஓடவேண்டிய இடத்தில் 100. மடிக்கணினிக்குப் போகும் என் வயரின் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தால் 7ஆம், 8ஆம் கம்பிகளின் உலோக முனையில் பச்சைக் களிம்பு. நம் கடற்கரைக் காற்றின் வேலை. நூறுக்கு இரண்டு சோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு சோடியும் வேண்டும். தலையை வெட்டிப் புதிதாக அடித்தேன், விளக்கு பச்சையானது, கறுப்பு வரிகள் போய்விட்டன.

வயர் என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொட்டிப்போன (ட்ரொப் ஆன) பிரதிகளின் எண்ணிக்கையை இந்தச் சுவிச் தன் செட்டிங்ஸின் எந்தப் பக்கத்திலும் காட்டுவதில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் இதில்தான். பச்சை விளக்கிலும் இதே கதை நடக்கலாம்: போக 1000, வர 1000 என்றால் 2000, வெளியே போகும் வழியோ 1000. உண்மையிலேயே கேபிள் பழுதாக இருந்தால் உடைந்த ஃபிரேம் (பக்கற்றைச் சுமந்துபோகும் உறை) மிரருக்கே வராது, அதற்குப் போர்ட் கணக்குப் பக்கத்தில் எரர் எண்ணைப் பார்க்கவேண்டும். அந்த எண்ணைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இதையும் காட்டத் தெரியாதா?

தம்பிக்கு "வேண்டாம், கொஞ்சம் காசு சேர்த்து ட்ரொப் கணக்குக் காட்டுற சுவிச்சா எடுங்க" என்று பதில் போட்டேன். அவசரமென்றால் என்னுடையதை வந்து எடுத்துப் போகட்டும், வயரை மட்டும் புதிதாக அடித்துக்கொண்டு வரட்டும்.