ஜெர்மனி ரேஸ் டிராக்கில் பைக் ஓட்ட ஆசைப்படுபவர்களே, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

4,62,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று சாயங்காலம் நாங்கள் பணம் கட்டி ஏமாந்த டிராவல்ஸ் ஏஜென்சி ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஆள், "இதெல்லாம் சின்ன அமவுண்ட் சார், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். சின்ன அமவுண்டாம். குறுவை அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் கூட இருக்கிறது என்று தார்ச்சாலையில் பரப்பிக் காயவைத்து, ராத்திரி மழை வந்தால் தார்ப்பாய் இழுத்து மூடி, அப்புறம் வந்த பணம் அதில் பாதி. மீதிப் பாதி என் மச்சான் கட்டிய ஏலச்சீட்டுப் பணம்.

ஏஜென்சியின் பெயரை எழுத மாட்டேன். வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். பைக் ஓட்டுகிறவர்களைக் குழுவாக வெளிநாடு கூட்டிப் போகிறோம் என்று தஞ்சாவூர்ப் பக்கம் போர்டு வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ், அவ்வளவுதான். அவர்களிடம் பணம் கட்டியிருப்பவர்களுக்குப் படிக்கப் படிக்கப் புரிந்துவிடும்.

விஷயம் நூர்பர்க்ரிங். பைக் பைத்தியங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஐஃபல் மலைக்காட்டுக்குள் 1927-இல் திறந்த பந்தயப் பாதை அது. அதன் வடக்குச் சுற்றுக்கு நோர்ட்ஷ்லைஃபே என்று பெயர். ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர், அதாவது கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதி. எழுபதுக்கு மேல் வளைவுகள். பாதையின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் 300 மீட்டர் வித்தியாசம். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான், வளைவு என்றால் தேர் திரும்புகிற வீதி முனைதான். கார்ப் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் அந்தப் பாதையைப் 'பச்சை நரகம்' என்றார். 1976-இல் இன்னொரு வீரர் நிக்கி லாடாவின் கார் தீப்பிடித்தது அங்கேதான். அதற்கப்புறம் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் அந்தச் சுற்றுப் பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்ட பாதையில் சாதாரண ஆட்களும் ஓட்டலாம் என்பதுதான் இதில் அதிசயம். பந்தயமோ கார் கம்பெனிகளின் சோதனை ஓட்டமோ இல்லாத நேரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ், ரோட்டில் ஓட்டத் தகுதியான வண்டி, சீட்டு. இவ்வளவு இருந்தால் கேட் திறக்கும். சட்டப்படி அந்த நேரத்தில் அது ஒரு கட்டணச் சாலை. ஜெர்மனியின் சாலை விதிகள்தான் அங்கும் செல்லும், இடது பக்கமாகத்தான் முந்த வேண்டும். 2025-இல் ஒரு சுற்றுக்குச் சீட்டு வார நாளில் 30 யூரோ, வெள்ளி முதல் ஞாயிறு வரை 35 யூரோ. இந்தத் தொகையை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

நானும் மச்சானும் கல்லூரிக் காலத்திலிருந்து இந்தப் பாதையின் வீடியோக்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கான்கிரீட் தொட்டிக்குள் இறங்கி ஏறுகிற காருசெல் வளைவு எந்தக் கிலோமீட்டரில் வரும் என்பதுகூட மச்சானுக்கு மனப்பாடம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த ஏஜென்சி ஆள் வீட்டுக்கே வந்தான். முப்பது வயது இருக்கும். ரைடிங் ஜாக்கெட், காலில் பூட்ஸ். பூட்ஸை வாசலில் கழற்றி, குழாயடியில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏறினான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் "பெரியப்பா, எங்க அத்தையை வலங்கைமானில்தான் கொடுத்திருக்கு, உங்க பங்காளி வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்றான். அந்த வீட்டு ஆட்களின் பெயரெல்லாம் சரியாகச் சொன்னான். அப்பா உடனே உள்ளே பார்த்துக் காபி போடச் சொல்லிவிட்டார்.

அப்புறம் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். ஹெல்மெட்டில் கேமரா மாட்டி எடுத்தது. வரிசையில் பைக்குகள், தடுப்புக் கட்டை தூக்குகிறது, முன்னால் ஒரு மஞ்சள் கார் சீறிப் போகிறது, இவனுடைய கையுறை தெரிகிறது. "இது நான்தாண்ணே. போன குரூப்போட போனப்ப எடுத்தது" என்றான். மச்சான் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். "அண்ணே, டிக்கெட், வண்டி, விசா, ஹோட்டல் எல்லாம் நம்ம பொறுப்பு. நீங்க ஹெல்மெட் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்று அவன் சொன்னபோது, அம்மாவே "பரவால்லையே, பொறுப்பான புள்ளை" என்றாள். கிளம்பும்போது அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் எரிகிறது. பணத்துக்காக வந்தவன் பணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆளுக்கு 2,20,000. இரண்டு பேருக்கு 4,40,000. அதற்கு மேல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது இருந்த டிசிஎஸ் வரி (விற்கிறவரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டியது) 5 சதவீதம், 22,000. ஆக 4,62,000. பளபளப்பான காகிதத்தில் வவுச்சர் கொடுத்தார்கள். பின்னணியில் டிராக் படம், மேலே எங்கள் பெயர்கள், கீழே "மோட்டார்சைக்கிள் – 4 சுற்றுகள் – லேப் டைம் சான்றிதழுடன்". அந்த நான்கு சுற்றுக்கு மட்டும் ஆளுக்கு 48,000 என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். 35 யூரோவை நான்கால் பெருக்கினால் 140 யூரோ. யூரோ நூறு ரூபாயைச் சுற்றி நின்ற காலத்தில் அது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கேட்டதற்கு "ஸ்லாட் பிளாக் பண்றதுக்குத்தாண்ணே, சீசன்ல கிடைக்கவே கிடைக்காது" என்றான்.

தை மாசம் அக்கா மகன் ஜெர்மனி ஸ்டுட்கார்ட்டிலிருந்து போன் பண்ணினான். மே மாசம் வருகிறோம், நீயும் லீவு போட்டு வாடா என்று குஷியாகச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "மாமா, அங்க பைக்கை உள்ள விடுறதில்லயே. 2025-லேருந்தே நிறுத்திட்டாங்க. தெரியாதா?"

உண்மைதான். காரும் பைக்கும் ஒரே நேரத்தில் ஓடுவது ஆபத்து என்று சொல்லி, பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் மோட்டார்சைக்கிள்களை அனுமதிப்பதை 2025 சீசனிலிருந்து டிராக் நிர்வாகமே நிறுத்திவிட்டது. உலகத்தில் உள்ள பைக் பத்திரிகைகள் எல்லாம் எழுதிய செய்தி. இப்போது பைக்கில் அந்தச் சுற்றை ஓட்ட வேண்டுமானால், பைக்குகளுக்கென்றே தனியாக நடத்துகிற பயிற்சி நிகழ்ச்சிகளில் சேர வேண்டும். அதற்குத் தனி அமைப்பாளர்கள், தனித் தேதி, தனிக் கட்டணம். எங்கள் வவுச்சரில் இருந்தது அதில்லை. சாதாரணப் பொதுமக்கள் சீட்டு. நாங்கள் பணம் கட்டிய அன்றைக்கே, அந்தச் சீட்டில் பைக் ஓட்டுவது என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. இதையே தொழிலாகச் செய்கிறவனுக்கு இது தெரியாதாம். நம்புகிறீர்களா?

அவன் காட்டிய வீடியோ? அக்கா மகன் தேடி எடுத்து அனுப்பினான். அதே மஞ்சள் கார், அதே கையுறை. வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரர் பல வருஷம் முன்பு போட்ட வீடியோ.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒரு சுற்றை முடிக்கிற நேரத்துக்கு லேப் டைம் சான்றிதழ் என்று போட்டிருந்தார்களே, பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் அங்கே நேரம் அளப்பதே தடை. வாடகை வண்டி கொலோனில் ஒரு கடையில் புக் செய்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா மகன் அந்தக் கடைக்கே போன் போட்டான். எங்கள் பெயரில் ஒன்றும் இல்லை, அந்த ஏஜென்சியையே தெரியாது என்றார்கள். போதாததற்கு, தங்கள் வண்டியை நூர்பர்க்ரிங்குக்குள் கொண்டு போகவே கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார்கள். சாதாரண வாடகை வண்டிகளுக்கு அங்கே பெரும்பாலும் இதுதான் விதியாம், இன்சூரன்ஸும் செல்லாதாம். யோசித்துப் பாருங்கள், ஒருவேளை நாங்கள் போய், எப்படியோ உள்ளே நுழைந்து, விழுந்திருந்தால்? ஓரத்தடுப்பு வளைந்தால் அதற்கும் பணம், வண்டியை இழுத்து வருவதற்கும் பணம், எல்லாம் விழுந்தவன் தலையில்.

இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று ஆளுக்கு 6,500 வாங்கி ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்திருந்தார்கள். கும்பகோணம் ஆர்டிஓ ஆபீஸில் காட்டினேன். அங்கிருந்த அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆதார் கார்டு அடிக்கிற கடையிலயே அடிக்கலாம் தம்பி" என்று திருப்பித் தந்தார். உண்மையானது ஆர்டிஓ மூலமாகக் கிடைக்கும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும், சின்னப் புத்தகமாக இருக்கும்.

டிசிஎஸ் 22,000? அக்டோபரில் வாங்கியதற்கு ஜனவரி நடுவிலேயே கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்கிறார் ஆடிட்டர். என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு பைசா காட்டவில்லை. வரி என்று சொல்லி வாங்கியதையும் விழுங்கியிருக்கிறார்கள்.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். முதலில் "ஜெர்மனி பார்ட்டிகிட்ட பேசிட்டிருக்கோம்ணே, ஸ்பெஷல் பெர்மிஷன் வருது". அடுத்து "மெயில் போட்டிருக்கோம், அங்க லீவு". அடுத்து "மேனேஜர் சென்னை போயிருக்கார்". மேட்டூரில் திறந்தாச்சு, கல்லணைக்கு வந்தாச்சு, நாளைக்கு உங்க வாய்க்காலுக்கு வந்துடும் என்று கடைமடைக்காரனை உட்காரவைக்கிற கதைதான். அப்புறம் ஒரு நாள் "பைக்குக்குப் பதிலா கார்ல நாலு ரவுண்டு போய்க்கங்களேன்" என்றார்கள். கார் ஓட்டுவதற்கா மச்சான் ஏலச்சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தான்? வேண்டாம் என்றதும் "டிக்கெட் நான்-ரீஃபண்டபிள், டெர்ம்ஸ்ல இருக்கு". எந்த டிக்கெட்? வாங்கவே முடியாத டிக்கெட்டை எப்படி ரீஃபண்ட் செய்வார்கள், அதுவும் சரிதான்.

பாஸ்போர்ட்டுக்கு நடந்த கூத்து தனி. விசாவுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோவும் எங்களிடம் வாங்கியாயிற்று, விண்ணப்பமே போடவில்லை. பாஸ்போர்ட்டையாவது கொடு என்று போனால், கவுண்டரில் இருந்த பெண் "அது சார் லாக்கர்ல இருக்கு, சாவி சார்கிட்ட இருக்கு" என்றது. மச்சான் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்த பிறகு, பக்கத்து மேசையின் சாதாரண இழுப்பறையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. மேலே பரோட்டா பார்சலின் எண்ணெய்க் கறை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவில்லை, பாவம், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து காலைத் தொட்டவன் இப்போது போனே எடுப்பதில்லை. வலங்கைமானில் விசாரித்தோம். அந்த வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு அத்தையையும் தெரியாது, அத்தை மகனையும் தெரியாது. நேற்று ஆபீஸில் புதிதாக ஒரு ஆள், அவர்தான் "சின்ன அமவுண்ட்" என்றவர். "கேஸ் போட்டுக்கங்க சார், வருஷக்கணக்காகும்" என்று தண்ணீர் பாட்டிலை வேறு நீட்டினார். 4,62,000 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் பாட்டில்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான்: எந்த டிராக்காக இருந்தாலும் அந்த டிராக்கின் சொந்த இணையதளத்தில் பைக்கை விடுகிறார்களா என்று பாருங்கள். வண்டி வாடகைக் கடைக்கு நீங்களே மெயில் போட்டு, டிராக்கில் ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸ் ஆர்டிஓவில் மட்டும். பாஸ்போர்ட்டை யார் கையிலும் விட்டுவைக்காதீர்கள். டிசிஎஸ் வாங்கினால் அது உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவும் நடந்த பிறகும் அந்த ஏஜென்சி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் இன்று காலை போட்டிருக்கிறது: "மே மாத ஜெர்மனி ரைடு, சில சீட்டுகளே பாக்கி". அதே மஞ்சள் கார் வீடியோவோடு. அவர்களிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், பளபளப்பு வவுச்சரையும் பணம் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமை காலை தஞ்சாவூர் நுகர்வோர் ஆணைய வாசலுக்கு வாருங்கள். நானும் மச்சானும் மனுவோடு அங்கேதான் நிற்போம்.